மலையில் வெட்டிய பிள்ளை

மாலை ஆறேகாலுக்கு அடுக்களை ஜன்னலைச் சாத்தப் போனவள், எதிர்மலையில் மகனைக் காணாமல் நின்றாள்.

பெரியவன் இருந்தான். சரிவில் புல்லைச் சீவி, பள்ளத்தில் சுண்ணாம்புக்கல்லை இடித்து நிரப்பி, யாரோ என்றோ சரிவு உயரத்துக்கு வரைந்து வைத்த வெள்ளை ஆள். அவன் நீட்டிய கையருகே நேற்றுவரை ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி இருந்தது. இப்போது அங்கே வெறும் புல்.

வருடம் ஒருமுறை அவன் கோடுகளில் களை பிடுங்கிப் புதுக் கல் இடிப்பது அவளுக்கும் இன்னும் சில பெண்களுக்கும் கூலி வேலை. பழைய கோட்டை ஒட்டிக் கயிறு கட்டித்தான் வெட்டுவார்கள். கயிற்றைத் தாண்டி ஒரு விரல்கூடப் போகக் கூடாது.

"புதுசா கோடு வெட்டினா அவன்கிட்ட எதையோ கேக்குறோம்னு அர்த்தம்," என்பார் மேஸ்திரி. "கேட்டதைக் குடுத்துடுவான். ஆனா தனியா அனுப்ப மாட்டான். கூடவே வருவான்."

"வரட்டுமேண்ணே. என் வீட்டு வாசல் உசரத்துக்கு அவன் மண்டி போட்டுத்தான் வரணும்!" என்றாள் ஒருத்தி.

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அப்போது பிள்ளை இருந்தான்.

மழைக்காலத்துக் காய்ச்சலில் போய்விட்டான். இந்த வருடம் மற்றவர்கள் இறங்கிய பிறகு அவள் மட்டும் மேலே தங்கினாள். அவனுடைய பள்ளிக்கூடச் சட்டையைப் புல்மேல் விரித்து, ஓரத்தைச் சுற்றி வெட்டினாள். கயிறு கட்டவில்லை. தலைக்கும் காலுக்கும் அளவு அவள் கைக்குத் தெரிந்திருந்தது. எதையும் கேட்பதாக அவள் நினைக்கவில்லை. தனியாக இருக்கிறானே, யார் கையையாவது பிடித்துக்கொள்ளட்டும் என்றுதான்.

விளக்கைப் போட்டாள். ஈரச் சுண்ணாம்பின் வாசனை, புதிதாய் இடித்த கல்லிலிருந்து எழும் அதே குளிர்ந்த வாசனை, கதவிடுக்கில் நுழைந்து, கூடத்தைக் கடந்து, கொடியில் கிடந்த அந்தச் சட்டையருகே வந்து நின்றது. திரும்பி ஜன்னலைப் பார்த்தாள். சரிவு முழுக்க, இருட்டிக்கொண்டு வரும் பச்சை.

பெரியவனும் இல்லை.

படியில் காலடி. சின்னது. இடது செருப்பைத் தேய்த்துத் தேய்த்து வரும் நடை. எத்தனை தடவை திட்டியிருப்பாள்.

அதன் பின்னால் கல்லோடு கல் அரையும் சத்தம். கூரையில் ஓடு ஒன்று நொறுங்கியது. பிறகு தரை அதிர்ந்தது. ஒருமுறை. இன்னொருமுறை.

கதவுக்கடியில் வெள்ளைப் பொடி.

அவள் அழுதாள். கை தாழ்ப்பாளுக்குப் போயிருந்தது.

"அம்மா, தொறம்மா. இவரு எவ்ளோ நேரம்தான் மண்டி போட்டுக்கிட்டே இருப்பாரு?"