ஏழாம் நம்பர் கொக்கி

இருபது நாள் விடுப்பு முடிந்து அவள் வேலைக்குத் திரும்பிய காலையில், வாசல் காவலாளி எப்போதும் போல அட்டையைத் தேய்க்கச் சொன்னார். தேய்த்தாள். பச்சை விளக்கு எரிந்தது. உள்ளே போனாள்.

அந்த அணுமின் நிலையத்தில் அவளை எல்லோரும் தேதியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தீயணைப்பான், அவசர விளக்கு, சைரன், மூச்சு முகமூடி என்று ஆபத்துக்கு உதவுகிற ஒவ்வொரு பொருளையும் எந்தத் தேதியில் யார் சோதிக்க வேண்டும் என்று அட்டவணை போடுவது அவள் வேலை. "அக்கா, என் கல்யாணத்துக்கும் நீங்களே ஒரு தேதி போட்டுக் குடுத்துடுங்க, தள்ளிப் போய்க்கிட்டே இருக்கு" என்று அவளைக் கிண்டல் செய்யாத ஆளில்லை. அன்று கிண்டல் இல்லை. அவள் நாற்காலியை யாரோ துடைத்து வைத்திருந்தார்கள்.

அவள் தம்பி அதே நிலையத்தில் வால்வு மெக்கானிக். இருபத்தோரு நாளுக்கு முன்னால், நைட்ரஜன் கசிந்து நிறைந்திருந்த குழாய் அறைக்குள் வால்வை மூடப் போனான். முகமூடி போட்டுக்கொண்டு, முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டுதான் போனான். பாதி வேலையில் காற்று தீர்ந்துவிட்டது. வெளியே தூக்கி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அவளுக்கு அழுகை வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட தாடை மாதிரி உடம்பு முழுக்க மரத்துக் கிடந்தது. குளிக்கிற தண்ணீர் சுடுகிறதா குளிர்கிறதா என்றுகூடத் தோலுக்குத் தெரியவில்லை.

கணினியைத் திறந்தாள். பட்டியலின் முதல் வரி: மூச்சு முகமூடி, எண் 7. சோதனை நாள்: இன்று.

தம்பி போட்டிருந்தது அதைத்தான். விசாரணைக்காரர்கள் உறையில் போட்டு முத்திரை வைத்துக் கொண்டுபோய் மூன்று வாரமாகிறது. அவள் அந்த வரியை நீக்கினாள்.

மறுநாள் அது மறுபடி முதல் வரியாக நின்றது. கம்ப்யூட்டர் பிரிவுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார்.

"ஆறுக்கு அப்புறம் எட்டுதானேக்கா இருக்கு?" என்றார், ரொம்ப மெதுவாக.

அவள் கண்ணுக்கு ஏழு தெரிந்துகொண்டேதான் இருந்தது.

மூன்றாம் நாள் காலை பதினோரு மணிக்கு மேசைத் தொலைபேசி அடித்தது. சின்னத் திரையில் 'முகமூடி அறை' என்று வந்தது. அந்த அறை காலி. விபத்துக்குப் பிறகு மற்ற முகமூடிகளை வேறு இடத்துக்கு மாற்றி, கதவைப் பூட்டி, சாவியை அவள் டிராயரில் போட்டு வைத்திருந்தார்கள்.

"ஹலோ?"

மூச்சு.

உள்ளே இழுக்கிற சத்தம். டக். வெளியே விடுகிற சத்தம். முகமூடிக்குள் விடுகிற மூச்சு அப்படித்தான் கேட்கும். ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு வால்வு திறக்கும்.

பிறகு ரப்பருக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

"அக்கா... என்னைக்கு?"

அவள் ரிசீவரை வைத்தாள். கை நடுங்கவில்லை. நடுங்காத அந்தக் கையைப் பார்த்துத்தான் அவளுக்குப் பயமாக இருந்தது.

மேனேஜரிடம் போய்ச் சொன்னாள். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இன்னும் பத்து நாள் லீவு எடுத்துக்கம்மா. மனசு சரியில்லன்னா இப்படியெல்லாம் காதுல கேக்கும்." குரலைத் தாழ்த்தினார். "அந்த எண்ட்ரி விஷயம்... யார்கிட்டயாவது வாய விட்டியா?"

"இல்ல சார்."

"விடாத. போனவன் போயிட்டான். இருக்கறவங்க பொழைக்கணும்ல?"

அந்த எண்ட்ரி இதுதான். நிலையத்தைப் பராமரிப்புக்காக நிறுத்தியிருந்த மாதத்தில், ஏழாம் முகமூடியின் சோதனை நாள் வந்தது. ஆள் இல்லை. தள்ளி வைத்தாள். மறுபடி தள்ளி வைத்தாள். விதிப்படி தள்ளக்கூடிய கடைசி நாளும் வந்தபோது மேனேஜர் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். "செஞ்சாச்சுன்னு போட்டுடும்மா. அடுத்த வாரம் நெஜமாவே செஞ்சுடலாம்." போட்டாள். சோதிக்கப்பட்டது, காற்றளவு காட்டும் மீட்டர் சரி. ஒரே ஒரு பொத்தான். மீட்டரின் முள்ளோ, எவ்வளவு காற்று இருந்தாலும் 'முழுசு' என்ற இடத்திலேயே சிக்கிக்கொண்டு நின்றிருந்தது. ஒரு ஆள் கையில் எடுத்துச் சோதித்திருந்தால் அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும். தம்பி முள்ளைப் பார்த்து, நம்பி, உள்ளே போனான்.

அன்று சாயங்காலம் வீட்டில் தம்பி மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவனுடைய சட்டைகளையும் சேர்த்து மடித்தாள்.

"அண்ணி, சோதிச்சப்ப மீட்டர் சரியாத்தான் இருந்துச்சுன்னு பதிவுல இருக்காம், அதனால அவர்தான் அதப் பாக்காமயே போட்டுட்டுப் போயிட்டாருன்னு அறிக்கையில எழுதப் போறாங்களாம். அவரோட அஜாக்கிரதையாம்."

தேதியக்கா வாசலில் செருப்பைக் கழற்றினாள்.

"கேஸ மூடுனோமான்னு மூணு தடவ எழுந்து போய்ப் பாக்கற மனுஷன் அண்ணி அவரு. நாளைக்கு புள்ள கேட்டா, உங்கப்பா கவனமில்லாம செத்தாருன்னு சொல்லவா? நீங்களே சொல்லுங்க, அவர் அப்படிப்பட்ட ஆளா?"

"நீ சாப்பிட்டியா?" என்று கேட்டாள் தேதியக்கா.

தம்பி மனைவி நிமிர்ந்து அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் சட்டையை மடித்து அடுக்கினாள்.

மறுநாள் மதியம், எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், அவள் சாவியை எடுத்துக்கொண்டு போனாள்.

பூட்டு சுலபமாகத் திறந்தது. உயரத்தில் இருந்த சின்ன ஜன்னல் வழியாக வெயில் ஒரு பட்டையாகச் சுவரில் விழுந்திருந்தது. ரப்பர் வாடை, ஸ்பிரிட் வாடை. சுவரில் வரிசையாகப் பன்னிரண்டு கொக்கிகள், ஒவ்வொன்றின் மேலும் எண். எல்லாம் காலி. மூலையில் தொலைபேசி ரிசீவர் கழன்று, ஒயரில் தொங்கிக்கொண்டிருந்தது.

அது இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

ஏழாம் கொக்கியில் மட்டும் ஒரு சோதனை அட்டை மாட்டியிருந்தது.

கிட்டே போனாள்.

தம்பியின் கையெழுத்து. காற்றில் சாய்ந்த புல் மாதிரி எல்லா எழுத்தும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கும். எண் 7. அவள் பொய்யாகப் போட்ட அதே தேதி. அதன் கீழே: சோதிக்கப்படவில்லை. பொறுப்பாளர் கையொப்பம் என்ற இடம் காலியாக இருந்தது.

அவள் பிடரியில் சூடாக ஏதோ பட்டது.

இழுக்கிற மூச்சு. டக். விடுகிற மூச்சு.

அவள் திரும்பவில்லை.

இழுக்கிற மூச்சு. டக்.

அவ்வளவுதான். விடுகிற சத்தம் வரவில்லை.

அவள் காத்திருந்தாள். வெயில் பட்டைக்குள் தூசி அசையாமல் நின்றது. தன் மூச்சையும் தான் பிடித்துக்கொண்டிருப்பது வெகுநேரம் கழித்துத்தான் அவளுக்குத் தெரிந்தது.

"விடுடா," என்றாள் கிசுகிசுப்பாக. "மூச்ச விடுடா, கண்ணா."

வரவில்லை.

பேனாவை எடுத்து, காலியாக இருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டாள். அட்டையைக் கழற்றிக்கொண்டு நேராக விசாரணைக் குழுவின் அறைக்கு நடந்தாள். அங்கே இருந்த அதிகாரி நரைத்த தலையுடைய ஒரு அம்மாள். அவர் உட்காரச் சொல்லியும் இவள் உட்காரவில்லை.

"ஏழாம் நம்பரை யாரும் சோதிக்கல மேடம். சோதிச்சாச்சுன்னு நான்தான் போட்டேன். போடச் சொன்னது மேனேஜர். போட்டது நான். என் தம்பி மீட்டரப் பாத்துட்டுத்தான் போயிருப்பான். மீட்டர்தான் பொய் சொல்லிருக்கு."

அட்டையை நீட்டினாள். அதிகாரி அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"இதுல உங்க கையெழுத்தத் தவிர ஒண்ணும் இல்லையேம்மா."

"அது போதும் மேடம்."

அதன்பிறகு நடக்க வேண்டியதெல்லாம் நடந்தது. மேனேஜருக்கும் அவளுக்கும் வேலை போனது. அறிக்கையில் தம்பி பேரில் குற்றமில்லை என்று எழுதினார்கள். அதன் நகலைத் தம்பி மனைவி இரண்டு தடவை படித்தாள். மூன்றாம் நாள் குழந்தையைக் கூட்டிக்கொண்டு, பெட்டியைக் கட்டிக்கொண்டு தன் அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். வாசலில் நின்று "வரேன்" என்றாள். அண்ணி என்று கூப்பிடவில்லை.

இரண்டு மாதம் கழித்து, முகமூடியை அடையாளம் காட்டிக் கையெழுத்துப் போட வரச்சொல்லி ஆள் வந்தது. போனாள். குளிரூட்டிய அறையில், எஃகு மேசை மேல், கனத்த பிளாஸ்டிக் உறைக்குள் அது கிடந்தது. அரக்கு முத்திரை உடையவில்லை. அவள் கையெழுத்துப் போட்டு முடித்த பிறகும் அதிகாரி அவளைப் போகச் சொல்லவில்லை.

"ஒண்ணு கேக்கணும். இத யார்கிட்டயும் நான் எழுத்துல குடுக்க முடியாது." அந்த அம்மாளின் குரல் இறங்கியிருந்தது. "நீங்க வந்து சொன்னீங்களே, அன்னைலேர்ந்து இப்படி. முகக் கண்ணாடியப் பாருங்க. உள்பக்கம்."

குனிந்து பார்த்தாள்.

கண்ணாடியின் உள்பக்கம், வாய் இருக்கிற இடத்தில், ஆவி படிந்திருந்தது.

அது சுருங்கியது. தெளிந்தது.

மறுபடி மெல்லப் படர்ந்தது.

"உறையப் பிரிச்சுத் துடைச்சுப் பாக்கலாமான்னு..."

"வேண்டாம் மேடம்," என்றாள் தேதியக்கா. நாற்காலியை இழுத்து மேசைக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

கண்ணாடி தெளிந்தது. மறுபடி படர்ந்தது.