ஆயில் போன வழி

காருக்கு அடியில் விரித்திருந்த அட்டை இன்றைக்கும் காய்ந்தே கிடந்தது. ஒரு சொட்டுக் கறைகூட இல்லை. ஆனால் மகேந்திரன் பானெட்டைத் திறந்து டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தபோது, போன வாரம் நிரப்பிய ஆயில் பாதிக்கு இறங்கியிருந்தது.

"கசிஞ்சா கீழ விழோணும். எரிஞ்சா பொகையோணும். ரெண்டும் இல்லீங்களே சார்," என்றார் நஞ்சன்கூடு ரோட்டில் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக் செல்லக்கண்ணு. "எஞ்சினைக் கழுவித் தர்றேன். மேல பவுடரைத் தூவி ஒரு ரவுண்டு ஓட்டுங்க. ஆயில் எங்க கெளம்புதோ அங்கிருந்து கோடு போட்டுக் காட்டிரும்."

மகேந்திரன் தலையாட்டினான். மனைவி வைஷாலி போனதிலிருந்து எல்லாவற்றுக்கும் தலையாட்டத்தான் செய்தான். அவள் இறந்தது இதே காரில், அவன் ஓட்டும்போது, பக்கத்து சீட்டில். அவன் அழவில்லை. ஆபீஸ் போனான், வந்தான், குக்கர் வைத்தான், மகள் அஷ்வினியின் டிபன் டப்பாவைக் கழுவினான். ஊசி போட்ட தாடை மாதிரி மனசு மரத்துக் கிடந்தது. இனி தனக்கென்று மிச்சமிருப்பது இந்த ஒரு குழந்தைதான் என்று தெரியும். தெரிந்தும் பெற்ற மகளை நிமிர்ந்து பார்க்காமல் டிப்ஸ்டிக்கைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதனை என்ன சொல்ல.

ஞாயிற்றுக்கிழமை, மகளின் பவுடரை எஞ்சின் முழுக்கத் தூவி, ரிங் ரோட்டில் ஒரு சுற்று போய்வந்து நிறுத்திவிட்டுப் படுத்தான். எழுந்தபோது இருட்டியிருந்தது. மழை. கரெண்ட் இல்லை. வாசலில் பக்கத்து வீட்டு மல்லம்மா குடையோடு நின்றிருந்தாள்.

"பாப்பாவை இப்பத்தான் உள்ள அனுப்புனேன் சார். அது தலைக்கு என்ன எண்ணெய் வெக்கறீங்க? சாஞ்ச எடமெல்லாம் எங்க சோபா கறுப்பாப் போச்சு."

"தினமும் நீங்கதானே பின்னி விடறீங்க?"

"நானா? நீங்கன்னு நெனச்சேன். அப்பா இவ்வளவு அழகாப் பின்றாரேன்னு."

அவள் போனதும் அவன் செல்போன் டார்ச்சோடு போர்ட்டிகோவில் நனையாமல் நின்ற காரின் பானெட்டைத் தூக்கினான். எஞ்சினின் பக்கவாட்டிலும் அடியிலும் பவுடர் கலையாமல் வெள்ளையாக இருக்க, உச்சியில் ஆயில் ஊற்றும் மூடியைச் சுற்றி மட்டும் மெலிந்த நான்கு விரல்களும் ஒரு கட்டைவிரலும் அழுந்திய தடம் இருந்தது. அங்கிருந்து கறுத்த சொட்டுகள் பம்பரின் மேல் ஏறி இறங்கி, சிமெண்டுத் தரையைக் கடந்து, வாசற்படி தாண்டி, வீட்டுக்குள் போயிருந்தன.

ஹால். சொட்டு. படுக்கையறைக் கதவு. சொட்டு.

கட்டிலில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்திருந்தாள் அஷ்வினி. கழுத்து நேராக. பின்னால் யாரும் இல்லை. முடி தானாகப் பிரிந்து, மாறி மாறிப் பின்னிக்கொண்டிருந்தது.

"மெதுவா, அம்மா," என்றாள்.

அஷ்வினிக்குத் தோள்வரைதான் முடி. அந்தப் பின்னல் தரையைத் தொட்டு, ஆயில் சொட்டச் சொட்ட, கட்டிலுக்கு அடியில் போயிருந்தது. இரண்டு தலைமுடி. ஒரே பின்னல்.

பயம் வந்தது. இத்தனை மாதத்தில் முதல்முறையாக ஏதோ ஒன்று வந்தது. பாய்ந்து மகளின் இரண்டு கைகளையும் பிடித்தான். பின்னல் விறைத்தது. குழந்தை மல்லாந்தாள். தலை கட்டிலுக்கு அடியில் போனது. தோள் போனது. அவன் இழுத்தான்.

இருட்டுக்குள்ளிருந்து அவள் குரல் அமைதியாக வந்தது.

"விடுங்கப்பா. வலிக்குது."

அவன் பிடியில் அந்தச் சின்னக் கைகள் எண்ணெயாக வழுக்கின.