சன்னலைப் பார்க்காத செடி

செடி சன்னலைப் பார்க்கவில்லை. வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கட்டிலின் பக்கம் சாய்ந்திருந்தது.

ஐப்பசியின் துலாமழை தொடங்கியிருந்த ஒரு காலையில், இலைகளைத் துடைக்க ஈரத்துணியோடு வந்தபோதுதான் விமலகுமாரி அதைக் கவனித்தாள். டிரசீனாச் செடி வெளிச்சம் வரும் பக்கமாகத்தான் வளையும், அதனால் தொட்டியை அவ்வப்போது திருப்பி வைக்கவேண்டும் என்று நெய்யாற்றின்கரை நர்சரிக்காரன் சொல்லியிருந்தான். அவள் இன்னும் ஒருமுறைகூடத் திருப்பவில்லை; முந்தின நாள் நேராகத்தான் நின்றது. இப்போது நீண்ட இலைகளெல்லாம், நடுவில் பச்சையும் ஓரத்தில் வெள்ளையுமாக, சுவரோரத் தலையணையை நோக்கிக் குனிந்திருந்தன. அது ராஜையாவின் தலையணை.

அவளுக்குப் பயம் வரவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, துணியை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் அழுதாள். அவர்தான், வந்துவிட்டார் என்று நினைத்தாள்.

ராஜையா போய் ஒரு வருடம் தாண்டியிருந்தது. நெய்யாற்றின்கரையில் லேத்துப் பட்டறை வைத்திருந்தவர். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் உடம்பில் இரும்பு வாடை போகாது. அடக்கம் முடிந்ததும் கல்லறையின் தலைமாட்டில் அவள் ஒரு டிரசீனா வாங்கி நட்டாள். இந்த வருடம் ஜூன் மாத இடவப்பாதி மழையில் அதிலிருந்து ஒரு கம்பு வெட்டிவந்து, பாட்டில் தண்ணீரில் வேர்விட வைத்து, தொட்டிக்கு மாற்றிப் படுக்கையறையில் வைத்துக்கொண்டாள். யாரிடமும் சொல்லவில்லை. கல்லறைச் செடியை யாராவது வீட்டுக்குள் வைப்பார்களா என்று கேட்பார்கள். கேட்பவர்களுக்கு ராத்திரி பக்கத்தில் ஆள் இருக்கும்.

செடியைப் பார்த்துக்கொள்வதில் பொழுது போனது. விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். குழாய்த் தண்ணீரில் இலைநுனி கருகும் என்பதால் கிணற்றுத் தண்ணீர். ஆனால் இந்தச் செடி குடித்துக்கொண்டே இருந்தது. சுவரெல்லாம் ஈரம் கசியும் மழைக்காலத்திலும் காலையில் தொட்டி மண் சாம்பல்போல உதிர்ந்தது. வெளிச்சம் குறைந்த அறையில் இலையின் வெள்ளை மங்கிவிடும் என்பார்கள். இதன் வெள்ளை நாளுக்கு நாள் அகலமாகி வந்தது. பிறகு வாடை வந்தது. நனைந்த இரும்பின் வாடை. அவள் கண்ணை மூடி அதை இழுத்து முகர்ந்தாள்.

ஒரு விடியலில் சுவரோரம் மெத்தை பள்ளமாகக் கிடந்தது. தோள் எது, இடுப்பு எது என்று தெரிந்தது. கைவைத்துப் பார்த்தாள். சில்லென்று, ஈரமாக. தலையணை மட்டும் இஸ்திரி மடிப்புக்கூடக் கலையாமல் உப்பியிருந்தது.

"உங்களுக்குத் தலையணை வேண்டாமா இப்போ?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்தாள். உயிரோடு இருந்தபோது இரண்டு தலையணை கேட்கிற மனிதர்.

பெங்களூரிலிருந்து மகள் ஜீனா கூப்பிட்டாள்.

"அம்மா, வீட்டப் பூட்டிட்டு இஞ்ச வாங்க. எதுக்கு அங்க ஒற்றைக்குக் கெடந்து?"

"நான் ஒற்றைக்கு இல்ல மக்கா."

"பின்ன கூட ஆரு உண்டு?"

"செடி உண்டு."

"செடி பேசுமா?"

"ஒனக்க அப்பாவும் பெரிசா பேசினதில்லயாக்கும்."

ஜீனா சிரித்தாள். பிறகு சிரிக்காமல் சொன்னாள். "கிறிஸ்மஸுக்கு நான் வாறேன். வந்தா கையோட கூட்டிட்டுத்தான் போவேன்."

அன்று மாலை விமலகுமாரி கட்டிலின் தன் பக்கத்தில் உட்கார்ந்து, சுவர்ப்பக்கம் பார்த்துச் சொன்னாள். "ஆரு வந்து கூப்பிட்டாலும் உங்கள விட்டுட்டு நான் எங்கயும் போவமாட்டேன்."

இலைகள் நடுங்கின. வீட்டுக்குப் பின்னால்தான் தண்டவாளம். ரயில் போகும்போது இந்த வீட்டில் எல்லாம் நடுங்கும். ஆனால் இலைகள் நடுங்கி ஓய்ந்த பிறகுதான் ரயில் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஆராதனை முடிந்து எல்லாரும் போனபின் அவள் கல்லறைத் தோட்டத்துக்குப் போனாள். தோட்டம் பார்த்துக்கொள்ளும் நேசையன் புல் செதுக்கிக்கொண்டிருந்தான். ராஜையாவின் தலைமாட்டில் டிரசீனா ஆள் உயரம் நின்றது.

"டீச்சறே, செடி நிக்கிற நிப்பப் பாத்தீளா? எனக்கு ஒரு சாயா வாங்கித் தரணும்."

"நட்டது நானாக்கும். சாயா ஒனக்கா?" தனுவச்சபுரத்துப் பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக்கொடுத்த காலத்துக் குரல் அவளுக்கு இன்னும் இருந்தது.

"நீங்க நட்டது இந்த வருசம் மேடத்து வெயில்லயே பட்டுப்போச்சு, இடவப்பாதிக்கு முந்தி. தலைமாடு மொட்டையா கெடந்தா என்னைய ஏசுவிய இல்லியா. அதான் மதிலோரத்துல நின்னதத் தோண்டிக் கொண்டு வச்சேன்."

"மதிலோரம் ஆரு இருக்கா?"

"ரயில்ல அடிபட்டுக் கெடந்தானே, பாறசாலைக்கு இப்பறம், அந்த ஆளு. ஊரு தெரியாது, பேரு தெரியாது. ஆரும் தேடியும் வரல்ல. போதகரு பாவம் பாத்து இஞ்ச அடக்கம் பண்ணினாரு. அவனுக்க குழிமேல நின்ன செடியாக்கும்." மண்வெட்டியில் ஒட்டிய மண்ணைக் காலால் தள்ளினான். "அதும் முழுசா அடக்கல்ல. தலை கெடைக்கல்ல, டீச்சறே. போலீஸ்காரம்மாரு புதரெல்லாம் தேடிப் பாத்தாவ."

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. பொழுது இறங்கும் நேரம், கரண்ட் இல்லை. முன்வராந்தாவில், புடவை முந்தானையிலிருந்து தண்ணீர் சொட்டச்சொட்ட, கையில் சாவியோடு வெகுநேரம் நின்றாள். பயத்துக்கு முன்னால் வெட்கம் வந்தது. யாரென்று தெரியாத ஒருவன் முன்னால் உடை மாற்றியிருக்கிறாள். அவனிடம் முட்டுவலியைச் சொல்லியிருக்கிறாள், ஜீனாவைப் பற்றிக் குறைபட்டிருக்கிறாள், கல்யாணமான புதிதில் நடந்ததையெல்லாம் நினைவுபடுத்தியிருக்கிறாள். வெட்கத்துக்குப் பின்னால் இன்னொன்று வந்தது. அது எல்லாவற்றையும்விடக் கனமாக இருந்தது. ராஜையா வரவே இல்லை. இத்தனை நாளில் ஒருநாள்கூட.

கதவைத் திறந்தாள்.

நேரே போய்த் தொட்டியைத் தூக்கினாள். முட்டு வலித்தது. இலைகள் கழுத்தில் உரசின. பின்கதவு வழியாக மழைக்குள் நடந்து, கிணற்றைத் தாண்டி, வாழையின் அடியில் இறக்கிவைத்தாள். திரும்பிப் பார்க்காமல் வந்து கதவைத் தாழிட்டாள். படுக்கையறைக்குள் போய் அந்தக் கதவையும் தாழிட்டாள்.

கட்டிலின் தன் பக்கத்தில் உட்கார்ந்து ஜீனாவைக் கூப்பிட்டாள். போன் வெளிச்சம் சுவரில் விழுந்தது.

"என்னம்மா?"

"நான் வாறேன் மக்கா. இப்பவே. ராத்திரி வண்டி ஏதாவது உண்டா பாரு."

"அம்மா, என்னாச்சு?"

அவள் மூச்சை இழுத்து முகர்ந்தாள். வாடை போகவில்லை. செடி வெளியே. வாடை உள்ளே. நனைந்த இரும்பு. கருகிய எண்ணெய். தண்டவாளத்துக் கருங்கல் ஜல்லி.

சுவரோரம் மெத்தை பள்ளமாகத்தான் கிடந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பள்ளம் மெதுவாக மேலே எழும்பிச் சமமானது. படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தால் எழும்புகிற மாதிரி.

தலையணையில் ஒரு சுருக்கம் இல்லை.

பிறகு அவளுக்குப் பக்கத்தில் மெத்தை அமிழ்ந்தது. உடம்பு அந்தப் பக்கம் சரிந்தது. போன் கையிலிருந்து நழுவித் தரையில் குப்புற விழுந்தது.

இருட்டு.

"அம்மா? பேசுங்க."

நெற்றியில் ஏதோ பட்டது. ஈரமாக, மெல்லியதாக, இலைநுனிபோல. ஆனால் இலை அல்ல. விரல்கள். அவை அவசரப்படவில்லை. புருவம். மூடிய இமை. மூக்கின் தண்டு. உதடு. ஒவ்வொரு இடத்திலும் நின்று, நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்த இடத்துக்குப் போயின. அவளுக்கு அது தெரிந்த வேலைதான். எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது.

அளவெடுத்துக்கொண்டிருந்தது.

"அம்மா."

விரல்கள் தாடையிலிருந்து இறங்கின. கழுத்தைச் சுற்றி இருபுறமும் போய், பிடரியில் ஒன்றையொன்று தொட்டு, அங்கேயே நின்றன.