ஆழம் பத்து கிலோமீட்டர்

டிசம்பர் மாதம், மாலை மூன்றே முக்கால். லூயிஷாமில் நிலநடுக்கம் வந்திருப்பதாகச் சயந்தினியின் மடிக்கணினி சொன்னது.

லண்டனிலாவது, நிலநடுக்கமாவது! மாடிப்படிக்குக் கீழே உள்ள அலமாரியில், அரிசி மூட்டைக்கும் வாக்குவம் கிளீனருக்கும் நடுவே, அவள் ஒரு சின்ன அதிர்வுமானியை வைத்திருந்தாள். பூமி அதிர்வை ஆராய்ந்து சம்பளம் வாங்குகிறவள் வீட்டிலும் ஒன்று வைத்துக்கொண்டதில் அதிசயம் இல்லை. தெருவில் பஸ் போனாலும், வாஷிங் மெஷின் சுற்றினாலும், கணவன் தர்சிகன் படியில் தடதடவென்று இறங்கினாலும் அதில் ஒரு கோடு விழும். இன்று விழுந்தது அந்த மாதிரிக் கோடு இல்லை. மையம் என்ற இடத்தில் அவள் வீட்டு முகவரியே இருந்தது. ஆழம், பத்து கிலோமீட்டர்.

ஒற்றைக் கருவியை வைத்து ஆழம் சொல்லவே முடியாது. மென்பொருளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பு வரவில்லை. அந்தப் பத்து அவளுக்கு நன்றாகப் பழக்கமான பத்து.

ஓர் அதிர்வின் ஆழம் தெரியாவிட்டால் பத்து என்று போட்டுவிட்டு மேலே போவது அவர்கள் துறையில் வழக்கம். போன மார்ச்சில், எங்கோ ஒரு மலையில் சுரங்கப்பாதை தோண்டிக்கொண்டிருந்த இடத்தில் சின்னச் சின்னதாகப் பத்தொன்பது அதிர்வுகள். ஒரு மணி நேரம் உட்கார்ந்து கணக்குப் போட்டிருந்தால் ஆழம் கிடைத்திருக்கும். அன்றைக்கு அவள் ஈஸ்ட் ஹாமுக்குச் சேலை எடுக்கப் போக வேண்டியிருந்தது. பத்தொன்பதுக்கும் பத்து போட்டாள். பத்து கிலோமீட்டர் கீழே நடப்பதற்கும் தங்களுக்கும் சம்பந்தமில்லை என்று கம்பெனி தோண்டிக்கொண்டே போனது. இரண்டு வாரத்தில் மலை உட்கார்ந்தது, உள்ளே நின்ற ஏழு பேர் மேல். அன்றிரவு அவள் ஒழுங்காகக் கணக்குப் போட்டாள். ஆழம் வெறும் முந்நூறு மீட்டர். பார்த்தாள், அழித்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று.

நாலு மணிக்கு வெளியே இருட்டிவிட்டது. அலுவலகத் தலைவர் சேஷாத்ரி போனில் வந்தார்.

"சயந்தினி, விசாரணைக் கமிஷனுக்கு உங்க அறிக்கை அஞ்சு மணிக்குள்ள போயாகணும்."

"அனுப்புறன். அந்த ஆழத்தைப் பற்றித்தான்..."

"தெரியலைன்னா எல்லாரும் பத்துதான் போடுவாங்க. இதுல உங்க தப்பு என்ன இருக்கு?"

"ஓம்," என்று ஆமோதித்தாள். அவள் அழித்தது அவருக்குத் தெரியாது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவளுக்குக் குறுகுறுப்பெல்லாம் தாண்டி, எட்டு மாதமாகச் சோறு இறங்கவில்லை.

போனை வைத்ததும் குசினியில் கழுவிக் காயவைத்த கோப்பைகள் ஒன்றோடொன்று மெல்லக் கிணுகிணுத்தன. தெருவில் பஸ் இல்லை, வாஷிங் மெஷின் நின்று வெகுநேரம், என்றாலும் காலுக்குக் கீழே கம்பளத்துக்கும் பலகைக்கும் அடியில் கனமான ஏதோ ஒன்று புரண்டு படுப்பது போன்ற ஓர் அசைவு உள்ளங்காலில் ஏறி முழங்காலில் நின்றது. திரையில் புது வரி. ஆழம் ஆறு.

படிக்குக் கீழேயிருந்து நனைந்த கல்லின் வாடை வந்தது, அதோடு வெடிமருந்துக் கரியின் வாடையும். அலமாரிக் கதவைத் திறக்க அவளுக்குத் துணிவில்லை.

அடுத்தது ஆழம் இரண்டு. இந்த முறை கூரை விளக்கு ஆடியது.

"இஞ்சேரும்!" மேலே படுக்கையறையிலிருந்து தர்சிகன் நித்திரைக் குரலில் கூப்பிட்டான். ஆஸ்பத்திரியில் அவனுக்கு இரவு ஷிப்ட், பின்னேரம் முழுக்க உறங்குவான். "கட்டிலை ஆர் ஆட்டுறது? நான் கீழ வரட்டோ?"

வாருங்கோ என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அவன் வந்தால் திரையைப் பார்ப்பான், என்ன ஏது என்று கேட்பான். எல்லாவற்றையும் சொல்ல வேண்டிவரும்.

"ஒண்டுமில்லையப்பா, ட்ரெயின் போகுது. நீங்க படுங்கோ!"

கட்டில் கிரீச்சிட்டது. திரும்பிப் படுத்துவிட்டான்.

ஆழம் 0.3.

அதே முந்நூறு மீட்டர். அறிக்கையில் 'ஆழத்தைக் கணிக்கப் போதிய தரவு இல்லை' என்றிருந்த வரியை அழித்துவிட்டு, 'ஆழம் முந்நூறு மீட்டர், கணித்தேன், மறைத்தேன்' என்று எழுதினாள். எழுதியதை வாசித்தாள். வேலை போகும். வீட்டுக் கடன், பெயர், கோர்ட்டு. ஐயோ, செத்த ஏழு பேரின் பெண்டாட்டிமார் முகத்தில் விழிக்க வேண்டும்.

அழித்தாள். பழைய வரியைத் திரும்பப் போட்டாள். அனுப்பினாள்.

எல்லாம் அடங்கியது. கோப்பைகள் அடங்கின. விளக்கு நின்றது. அப்பாடா! கையில் முகத்தைப் புதைத்து அழுதாள். வெட்கங்கெட்ட நிம்மதி.

பிறகு ஒரு வரி.

ஆழம் -0.003.

மைனஸ் என்றால் கருவிக்கு மேலே. மூன்று மீட்டர் மேலே.

"என்னப்பா?"

மாடியைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"என்னப்பா!"

படிகளில் ஓடினாள். கால் சறுக்கியது. படியெல்லாம் ஈரம். கல்வாடை. படுக்கையறைக் கதவு மூடியிருந்தது. கைப்பிடி சில்லிட்டிருந்தது. திருகினாள். இழுத்தாள்.

கதவு திறந்தது.

அறை இல்லை. நிலையின் அடியிலிருந்து உச்சி வரை கரும்பாறை. நீர் கசியும் பாறை. சுரங்கம் தோண்டும் துளைப்பானின் வரிகள் அதில் புத்தம் புதிதாக இருந்தன.

ஐந்து மணி. வேலைக்கு எழும்ப அவன் போனில் வைத்த அலாரம், பாறைக்குள்ளே எங்கேயோ ஆழத்தில், அடிக்கத் தொடங்கியது.