கடைசி அரைச்சுற்று

பெட்ரோல் டேங்க்கின் மூடியை இறுக்கித்தான் வைத்திருந்தார். ஆனாலும் வண்டிக்குள் பெட்ரோல் வாடை. ஊர் வண்டிகளுக்கெல்லாம் வைத்தியம் பார்க்கும் மெக்கானிக்குக்குச் சொந்த வண்டியின் நோய் பிடிபடவில்லை. போன ஞாயிறு மூடியை மாற்றினார். வாடை, விருந்துக்கு வந்த மாமனார் மாதிரி, நகரவில்லை.

"பின்சீட்டுல உக்காந்தாலே குட்டி சுருண்டுடுறா, எழுப்பினா எந்திரிக்க மாட்டேங்குறா," என்றாள் மனைவி. "இன்னிக்குச் சரியாகலைன்னா நாங்க ரெண்டு பேரும் இதுல ஏறமாட்டோம். ஊரு வண்டின்னா மட்டும் கை நல்லா ஓடுது!"

"ஏசினது போதும், குட்டிக்கு மருந்து குடு."

உள்ளறையில் மகள் இருமினாள்.

வீட்டு வாசலில் நின்ற வண்டிக்கு அடியில் மல்லாந்தார். ஆறு நாள் உழைத்த உடம்பு. அடியில் படுத்தால் ஐந்தே நிமிடத்தில் குறட்டை என்பது பட்டறை முழுக்கத் தெரிந்த கேலி. பிற்பகல் வெக்கையில் ரப்பரும் மண்ணும் பழைய எண்ணெயும் கலந்த நெடி மூக்கில் படிய, டேங்க்கிலிருந்து வரும் ஆவிக்குழாயின் மறுமுனையைக் கழற்றி, தன் வழக்கப்படி வாய் வைத்து ஊதினார். ஊதிய காற்று உள்ளேயே நின்றால் கசிவில்லை.

நிற்கவில்லை. திரும்பி வந்தது. வெதுவெதுப்பாக, ஆரஞ்சு இருமல் மருந்தின் வாசனையோடு.

களைப்பு, என்று சொல்லிக்கொண்டார்.

டேங்க்கின் ஓரத்தில், குழாயில் முடியளவு வெடிப்பு தெரிந்தது. உள்ளறையில் இருமல், வெடிப்பு திறந்தது. மறுபடி இருமல், மறுபடி திறந்தது. களைத்தவன் இதையெல்லாம் கணக்கில் வைப்பதில்லை. ரப்பர் துண்டைச் சுற்றி, கிளிப் போட்டு முறுக்கினார்.

இருமல் நின்றது.

"அப்பாடா, தூங்கிட்டா," என்றாள் மனைவி.

எல்லோரும் நிறுத்தும் இடத்தில் அவர் நிறுத்தமாட்டார். மேலே அரைச்சுற்று, அதுதான் அவர் முத்திரை. கொடுத்தார். கிளிப் திருகின் தலை மழுங்கியது.

குழாய் உப்பியது. சுருங்கியது. உப்பியது.

"என்னங்க... குட்டி வாயத் தொறக்குறா. மூச்சு வரல."

திருப்புளி வழுக்கியது. மறுபடி வழுக்கியது. கத்தியை எடுத்தார். கிளிப்புக்கும் டேங்க்குக்கும் நடுவே அறுத்தார்.

குழாயில் அசைவில்லை.

வேறு வழி தெரியாமல் டேங்க் பக்கத்து முனையில் வாய் வைத்து ஊதினார்.

"வந்துருச்சு! மூச்சு வந்துருச்சுங்க!"

தான் மூச்சு வாங்க வாயை எடுத்தார்.

"ஐயோ, நின்னுடுச்சு!"

ஊதினார். எடுத்தார். ஊதினார். வெயில் வண்டியின் மறுபக்கம் போய்விட்டது. நாக்கில் பெட்ரோல். காதில் மெல்லிய ரீங்காரம்.

அவருக்குத் தூக்கம் வந்தது.