விழாத உலக்கை

உலக்கை இன்னும் விழவில்லை. நாலு மணிக்கே விழுந்திருக்க வேண்டும். சுவர் மணிக்கூட்டில் இப்போது ஐந்தேகால்.

அறையின் நடுவே பித்தளைத் தாம்பாளத்தில் இரண்டு விரல் தண்ணீர். அதற்குள் உலக்கை, யாரும் பிடிக்காமல் நெட்டுக்குத்தாக நின்றது. கிரகணத்துக்கு அப்படித்தான் நிறுத்துவார்கள். கிரகணம் விட்டதும் அது தானாகச் சரியும். பிறகு முழுகிவிட்டுச் சமைக்கலாம். ஆனால் இன்று கிரகணமே இல்லை. கோயில் அளவான ஒரு கல் வானத்தில் பூமியை ஒட்டிப் போகிறது, மோதாது, கண்ணுக்கும் தெரியாது, நாலு மணிக்குள் கடந்துவிடும் என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். அவ்வளவுதான்.

"சூரியனை மறைச்சால் என்ன, பக்கத்தாலை போனால் என்ன, எல்லாம் தோஷந்தான்" என்று சொல்லி, புருஷனின் தமக்கை இராசேஸ்வரி மத்தியானமே யன்னல்களைச் சாத்திவிட்டாள். எட்டு மாத வயிற்றோடு பத்மாசனியை அறைக்குள் இருத்தி, தானும் கூட இருந்தாள். தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது.

பத்மாசனி சொன்னபடியே இருந்தாள். மூன்று வருடத்துக்கு முன் ஒரு கிரகணத்தன்று அவள் முற்றத்தில் இறங்கி விறகு பொறுக்கினாள். அந்த மாதமே முதல் பிள்ளை மூச்சில்லாமல் பிறந்தது. விறகுதான் காரணம் என்று மச்சாள் இராசேஸ்வரி ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். பத்மாசனி அதைத் தினமும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறாள். இந்தப் பிள்ளையையும் தன் கையாலேயே கெடுத்துவிடுவேனோ என்ற பயம் அவளைத் தின்றுகொண்டிருந்தது.

அடைத்த அறைக்குள் அவித்த நெல் மூட்டைகளின் புளித்த வாடையும், மெழுகிய தரையின் சாணி மணமும், தன் உடம்பின் வியர்வையும் கலந்து மூச்சை அடைக்க, அவள் வெளியே வாய்க்காலில் தண்ணீர் ஓடுவதையும், கொட்டிலில் மாடுகள் மொய்க்கிற இலையானுக்கு வால் அடிப்பதையும், கோழிகள் குப்பை கிளறுவதையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்டுக்கொண்டிருக்கும்போதே அந்தச் சத்தங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டு வந்தன. முதலில் கோழிகள். பிறகு மாடுகள். அப்போதுதான் உலக்கையின் ஈரம் கண்ணில் பட்டது. தாம்பாளத்துத் தண்ணீர் உலக்கை மரத்தில் ஒரு சாண் உயரம் ஏறியிருந்தது.

பரந்தனுக்கு உரம் வாங்கப் போன அவள் புருஷன் அப்புத்துரை சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே வந்தான்.

"அது அப்பவே கடந்து போட்டுதாம். சந்தியிலை தேத்தண்ணிக் கடை றேடியோவிலை சொன்னவங்கள். ரெண்டு பேரும் இன்னும் பட்டினியோ?"

"உலக்கை நிக்குது, தம்பி" என்றாள் இராசேஸ்வரி. "அது நிக்குமட்டும் கல்லுப் போகேல்லை."

அப்புத்துரைக்கு எதற்கும் முதலில் சிரிப்புத்தான் வரும். சிரித்துக்கொண்டே விரலால் உலக்கையைத் தள்ளினான். சாய்ந்தது. பிறகு மெல்ல நிமிர்ந்தது. இரண்டு கையாலும் தூக்கித் தரையில் கிடத்தினான். கையை எடுத்ததும் ஒரு முனை எழும்பியது. அவசரமில்லாமல், தூக்கம் கலைந்த ஆளைப்போல, அது எழுந்து நின்றது. அவன் சிரிப்பு நின்றுபோனதுதான் பத்மாசனிக்கு எல்லாவற்றிலும் பயமாக இருந்தது.

"நான் வெளியிலை பாத்திட்டு வாறன்."

"இஞ்சேருங்கோ, போகாதையுங்கோ."

"ஒரு கல்லுக்கு ஏனப்பா இவ்வளவு கதை?" குரலில் உறுதி இல்லை. அவன் போனான். பின்னாலேயே இராசேஸ்வரியும் போனாள்.

பத்மாசனி காத்திருந்தாள். ஐந்தரை. ஐந்தேமுக்கால். கதவடியில் காலடிச் சத்தம் இல்லை. பேச்சுக் குரல் இல்லை. வாய்க்கால்கூட ஓடவில்லை. கொடியில் கிடந்த சேலையின் தொங்கல் காற்றில்லாமல் உயர்ந்தது. அவளுடைய அவிழ்ந்த கூந்தல் தோளை விட்டு எழும்பியது.

பார்க்கக் கூடாது. பிள்ளைக்கு ஆகாது.

ஆனால் அவர் வரவில்லையே.

யன்னலை இரண்டு விரல் அகலம் திறந்தாள்.

முற்றத்தில் வெளிச்சம் இருந்தது. அப்புத்துரை நடுவில் நின்றான். பக்கத்தில் இராசேஸ்வரி. அப்பால் கொட்டிலில் மாடுகள், கழுத்தை நெட்டாக நீட்டியபடி. எல்லா முகமும் மேலே. எல்லா வாயும் திறந்தபடி.

"இஞ்சேருங்கோ."

அவன் திரும்பவில்லை. குதிகால்கள் நிலத்தில் இல்லை. பெருவிரல் நுனிகள் மட்டும் மண்ணைத் தொட்டன. ஆடவில்லை. தள்ளாடவில்லை.

யன்னலை அறைந்து சாத்தினாள். வயிற்றை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். உள்ளே பிள்ளை காலை ஊன்றியது.

உதைக்கவில்லை. ஊன்றியது.

மெல்ல எழுந்தது. விலா எலும்புகளை விலக்கிக்கொண்டு எழுந்தது. நின்றது.

நெஞ்சுக்குழியில், அவளுடைய உள்ளங்கைக்குக் கீழே, ஒரு சின்ன முகம் மேல்நோக்கித் திரும்பி வாயைத் திறந்தது.