அடங்கும் எண்

“எங்க நிக்குது, பாத்தியா?” என்று கேட்டான் ரதோவன்.

இரண்டு பக்கமும் ஆடும் அந்தப் பழைய சமையலறைக் கதவை ஒரு விரலால் தள்ளி விட்டிருந்தான்.

“எங்க நிக்குது? இன்னும் ஆடிக்கிட்டுல்ல இருக்கு.” யாகொதா அடுப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. காபி பொங்கி வழிந்தால் துடைக்க வேண்டியது அவள்தான்.

“அதேதான். நிக்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போகுது. ஐயோ, தாண்டிட்டோமேன்னு திரும்பி வருது. மறுபடி தாண்டுது, ஆனா இந்தத் தடவை கொஞ்சமா. அப்புறம் இன்னும் கொஞ்சமா. அதுக்கப்புறம்தான் அடங்குது. உசிருள்ள எதுவும் சட்டுனு நிக்காது, யாகோ. சட்டுனு நின்னா செத்த மாதிரி இருக்கும்.”

“ஆறு மணிக்கு வரேன்னு சொல்லிட்டு எட்டு மணிக்கு வர்றியே, அதுவும் இந்தக் கணக்குதானா?”

“பின்ன? நானும் கொஞ்சம் தாண்டித்தான் போவேன். திரும்பி வந்துர்றேன்ல?”

அவள் சிரித்துவிட்டாள். காபி வழிந்தது. அன்றைக்கு அவன்தான் துடைத்தான்.

அந்தக் கதவு இப்போது அவள் முதுகுக்குப் பின்னால் ஆடிக்கொண்டிருந்தது.

டிசம்பர் மாதம், மாலை நாலரை மணி. ஜாக்ரெப் நகரின் மேல் பனிமூட்டம் இறங்கி, எதிர்வீட்டு ஜன்னல்களைக்கூட விழுங்கியிருந்தது. கீழே தெருவில் டிராம் திரும்பும் கிறீச்சொலி ஈரத்துணியில் சுற்றிய மாதிரி மங்கலாக வந்தது. யாகொதா காபிக் கோப்பையை எடுத்துக்கொண்டு சமையலறையிலிருந்து வேலை அறைக்கு வந்து உட்கார்ந்தபோது தோளால் கதவைத் தள்ளியிருந்தாள், அவ்வளவுதான். வழக்கமாக நான்கு முறை ஆடி நின்றுவிடும். அவள் எண்ணவில்லை, பதினைந்து வருடம் அனிமேஷன் அசைவுகளையே பிழைப்பாகக் கொண்ட அவள் காது தானாக எண்ணியது. பதினொன்று. பன்னிரண்டு. கீல் முனகும் நேரம் ஒவ்வொரு முறையும் ஒரே அளவாக இருந்தது.

காற்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். இந்த ஊரில் தலைவலியிலிருந்து மாரடைப்பு வரை எல்லாப் பழியும் வீட்டுக்குள் நுழையும் காற்றின் மேல்தான் விழும். ஆனால் ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. இடுக்குகளில் அவளே அக்டோபரில் பஞ்சுப் பட்டை ஒட்டியிருந்தாள். பயம் வந்தது. ஆனால் அடுத்த வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் போல, சுவருக்கு அந்தப் பக்கம் வந்தது. மார்ச்சில் ரதோவன் இறந்ததிலிருந்து அவளுக்கு எல்லாமே அப்படித்தான்.

கணினித் திரையில் பிறை வடிவக் கிஃப்லா ரொட்டி ஒன்று கூடையிலிருந்து தட்டுக்குத் தாவ வேண்டியிருந்தது. ரொட்டிக்கடை விளம்பரம், நாளைக்குக் கொடுத்தாக வேண்டும். தாவும் முன் ரொட்டி கொஞ்சம் பின்வாங்கி, நசுங்கி, மூச்சை இழுத்துக்கொள்ள வேண்டும். எவ்வளவு பின்வாங்குகிறதோ அவ்வளவு தூரம் பாயும் என்று பார்ப்பவர் மனம் நம்பும். இதுவும் ரதோவன் சொன்னதுதான்.

வீடியோ அழைப்பில் திஹானா வந்தாள். ரதோவனோடு மூவருமாகச் சேர்ந்து தொடங்கிய சிறிய ஸ்டூடியோவில் மீதமிருந்த இன்னொருத்தி அவள்.

“ரொட்டி என்னடி இப்படி விழுது? மாடியிலேர்ந்து செங்கல்லைப் போட்ட மாதிரி. சாப்பிட்டா பல்லு போயிடும்.”

“சரி பண்றேன்.”

“மத்தியானம் சாப்பிட்டியா?”

“ம்.”

“பொய். சரி, ஜன்னலைச் சாத்து, பின்னாடி கதவு ஆடுது பாரு. கழுத்து பிடிச்சுக்கிச்சுன்னு நாளைக்கு எங்கிட்ட வந்து அழாத.”

“சாத்தித்தான் இருக்கு.”

திஹானா சிரிக்க ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்தி, திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுவந்தாள். அவள் கண்கள் யாகொதாவைத் தாண்டி இடமும் வலமுமாக ஏதோ ஒன்றைப் பின்தொடர்ந்தன.

“யாகோ, அது ரதோ வரையற அசைவு வளைவு.”

“என்ன?”

“ஓரத்துக்குப் போனதும் லேசாத் தயங்கிட்டுத் திரும்புது பாரு. அந்தத் தயக்கம் வேற யாருக்கும் வராது. எத்தனை வருஷம் அதைக் காப்பியடிக்கப் பாத்திருப்பேன்.” அவள் குரல் இறங்கியது. “நீதான் ஏதாவது படத்தைப் பின்னாடி ஓட விட்டிருக்கியா? வேண்டாம்டி. இதெல்லாம் நல்லா இல்ல.”

“நான் எதையும் ஓட விடல.”

“அப்ப ஏன் அடங்கவே மாட்டேங்குது?”

யாகொதா காபிக் கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

“கோட்டை மாட்டிக்கிட்டுக் கிளம்பு. எங்க வீட்டுக்கு வா. சூப் இருக்கு.”

“வரேன்,” என்று சொல்லி அழைப்பைத் துண்டித்தாள். எழுந்திருக்கவில்லை.

ஏன் அடங்கவில்லை என்று அவளுக்குத் தெரியும்.

ரதோவன் தன் கையால் அந்தக் கதவைத் தள்ளிப் படமெடுத்து, அந்த ஆட்டத்திலிருந்து மூன்று எண்களைப் பிடித்துக் கணினிக் கோப்பு ஒன்றில் வைத்திருந்தான். எவ்வளவு தாண்டிப் போகிறது, எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது, எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது. அந்த மூன்றையும் எந்தப் பொருளுக்குக் கொடுத்தாலும் அது அவனைப் போலவே அசையும். அவனை அடக்கம் செய்த வாரம் அவள் அந்தக் கோப்பைத் திறந்தாள். ஒரு வெள்ளை வட்டம் தாண்டிப் போய், தயங்கி, திரும்பி வந்து, எட்டாவது நொடியில் நின்றுவிட்டது. அது நின்றதை அவளால் பார்க்க முடியவில்லை. அடங்கும் எண்ணை அழித்துவிட்டு அந்த இடத்தில் பூஜ்யம் போட்டாள். தொழில் பழகும் எல்லாரும் ஒரு தடவை செய்யும் தப்பு அது, படம் முடியவே முடியாது, பக்கத்தில் இருப்பவர்கள் கேலி செய்வார்கள். அவள் தெரிந்தே செய்தாள். வட்டம் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. அதன் எதிரிலேயே மேஜையில் தலைவைத்துத் தூங்கினாள்.

அதன் பிறகு விளக்குக் கயிறு ஆடியது. ஆணியில் தொங்கும் கரண்டிகள் ஆடின. ஹாலில் மாட்டியிருந்த அவன் கோட்டு ஆடியது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. உள்ளுக்குள் அது ஒரு துணையாகவும் இருந்தது.

இதற்கு முன்பும் இப்படி ஓர் அசைவை அவள் பார்த்திருக்கிறாள். ஆஸ்பத்திரியில் நாற்பத்தொரு நாள் மூச்சு இயந்திரம் அவன் நெஞ்சை ஏற்றியது, இறக்கியது. ஒவ்வொன்றும் ஒரே அளவு. முகத்தில் ரதோவன் இல்லை. கண்ணோரத்தில் மட்டும் நீர் வழிந்துகொண்டிருந்தது. பேசுங்கள், அவருக்குக் கேட்கலாம் என்றார்கள். ஒவ்வொரு சாயங்காலமும் ஒரு சொல்லை வாய் வரை கொண்டுவந்தாள். ஒவ்வொரு சாயங்காலமும் அதை விழுங்கிவிட்டு, அவன் காதில் “இரு” என்றாள். அவனும் இருந்தான். நாற்பத்தொன்றாம் நாள், அவள் காபி வாங்கக் கீழே போன நேரத்தில் போய்விட்டான். விழுங்கிய சொல் அவளோடு தங்கிவிட்டது.

கதவு ஆடியது.

கோப்பைத் திறந்தாள். கணினியில் வட்டம் ஒன்பது மாதமாக ஓய்வில்லாமல் அலைந்துகொண்டிருந்தது. விரல்கள் யாருடையவோ போல மரத்திருந்தன. பூஜ்யத்தை அழித்துவிட்டுப் பழையபடி மூன்று என்று போட்டாள். வட்டம் தாண்டியது, திரும்பியது, கொஞ்சமாகத் தாண்டியது. எட்டாவது நொடியில் நின்றது.

பின்னால் கீல் முனகியது. அதே அளவு.

அப்படியானால் அந்த அசைவு கோப்பில் இல்லை. எப்போதோ வெளியே வந்துவிட்டது.

அடுத்த சத்தம் ஹாலிலிருந்து வந்தது. வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குள் போட்டுக்கொள்ளும் காலணிகள் அங்கே வரிசையாக இருந்தன. விருந்தாளிகளுக்கு மூன்று ஜோடி, அவளுக்கு ஒன்று, யாரும் எடுத்து வைக்காததால் இன்னும் அங்கேயே கிடந்த அவனுடைய சாம்பல் நிறக் கம்பளி ஜோடி ஒன்று. கம்பளி அடிப்பாகம் மரத்தரையில் தேயும் மெத்தென்ற சத்தம் ஹாலைக் கடந்து, சமையலறையைக் கடந்து, கருகிய காபி வாடையும் ஆஸ்பத்திரிக் கழுவுநீர் வாடையும் கலந்த ஒரு குளிர்ச்சியை முன்னால் தள்ளிக்கொண்டு, அவள் நாற்காலியின் முதுகு வரை வந்தது. அங்கே லேசாகத் தயங்கியது. திரும்பிப் போனது.

மறுபடி வந்தது. தயங்கியது. போனது.

தாண்டிப் போய்த் திரும்பி வருகிறான். மறுபடி தாண்டிப் போகிறான். உட்கார இடமில்லை. ஒன்பது மாதமாக.

“ரதோ?”

சத்தம் நின்றுவிடவில்லை. அணைந்திருந்த இரண்டாவது திரையின் கறுப்பில் தன் முகம் தெரிந்தது. முகத்துக்குப் பின்னால் கதவு. கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் அதன் இடுக்கில், சமையலறைக்கு அப்பால், ஹாலின் இருட்டு தெரிந்தது. இருட்டில் ஒரு பகுதி மற்ற இருட்டைவிடக் கனமாக இருந்தது. அதன் மேல்பாகம் ஏறி இறங்கியது. ஏறி இறங்கியது. இயந்திரத்தின் அளவில்.

பிறகு ஆட்டம் மாறியது.

கதவு ஹால் பக்கமாகப் போனது. திரும்பவில்லை. இன்னும் போனது. சுவரில் இருந்த கரண்டிகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தன. விளக்குக் கயிறு சாய்ந்தது. கோப்பையில் காபி ஒரு பக்கம் ஏறியது. எல்லாம் அவளிடமிருந்து விலகி, பின்வாங்கி, மூச்சை இழுத்துக்கொண்டன.

பாய்வதற்கு முன்.

எவ்வளவு பின்வாங்குகிறதோ, அவ்வளவு தூரம்.

நாற்காலியைத் திருப்பினாள். ஹாலின் கோடியில் கம்பளி தேய்ந்தது. ஒரு முறை. ஓட வேண்டும் என்று தோன்றியது. போகாதே என்று சொல்லவும் தோன்றியது. இரு என்று சொல்ல வாய் திறந்தது, நாற்பத்தொரு நாள் பழக்கம். இருட்டு கிளம்பியது. மெதுவாக. பிறகு வேகமாக. பிறகு மிக வேகமாக. கதவு. கரண்டிகள். குளிர். அவன் கண்ணோரத்து நீர்.

“போதும், ரதோ,” என்றாள், அன்று விழுங்கிய அந்தச் சொல்லை. “நின்னுடு.”

நின்றது.

சட்டென்று. தாண்டவில்லை. திரும்பவில்லை. கதவு பாதி திறந்தபடி, எந்தக் கதவும் நிற்க முடியாத இடத்தில் நடுக்கமின்றி நின்றது. ஆணியிலிருந்து எழும்பிய கரண்டிகள் அவளை நோக்கி நீட்டியபடி காற்றில் நின்றன. கோப்பையில் காபி சாய்ந்து நின்றது. அவள் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி, தரையில், சாம்பல் நிறக் காலணிகள் இரண்டும் விரல் பக்கம் மட்டும் அழுந்த நின்றன. குதிகால்கள் தரையைத் தொடவில்லை.